அக்கா எழுதிய நாற்பதாவது வரி

அந்த வீட்டில் அக்காவுக்குப் பொட்டலக்காரி என்றுதான் பெயர். வைத்தவன் தம்பி. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இணையத்தில் போகிற செய்தியெல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும், ஒவ்வொன்றின் மேலும் முகவரி இருக்கும், அதைப் பார்த்து வழி அனுப்புவதுதான் எங்கள் வேலை என்று சாப்பாட்டு மேஜையில் விளக்கப்போனாள். "அப்போ நீயும் பொட்டலம் மடிக்கிறவதானா? இதுக்கா இவ்வளவு படிப்பு?" என்றான் அவன். அன்று ஒட்டிய பெயர். வயது நாற்பத்தேழாகி, தலையில் பாதி வெளுத்து, நகரத்தின் மேற்குப் பாதிக்கே இணையம் கொடுக்கிற நிறுவனத்தில் முதன்மைப் பொறியாளராக ஆன பிறகும் அது உதிரவில்லை. வெளியில் முறைத்துக்கொண்டாலும், உள்ளுக்குள் அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். மாடியில் அவன் குடும்பம், கீழே அவள் குடும்பம். காலைத் தேநீர் மட்டும் இருவருக்கும் பொது. பதினெட்டு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழவில்லை என்பது அவன் பெருமை. பதினொரு வருடமாக வலைப்பின்னல் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை என்பது அவள் பெருமை. இரண்டு பெருமையும் தேநீர் ஆறுவதற்குள் தினமும் ஒருமுறை மோதிக்கொள்ளும். யாருக்கும் காயம் இல்லை.

அந்த வருடம் அவன் வண்டியில் ஒரு பெட்டி ஏறியது. செருப்பு வாங்கினால் கொடுப்பார்களே, அந்த அளவுதான். நோயாளியின் மார்பில் ஒட்டிய கம்பிகள் அதில் போய்ச் சேரும். அவருடைய இதயத்தின் கோட்டுப்படம் அந்த நொடியே மருத்துவமனைக்குப் போய்விடும். வண்டி வாசலுக்கு வரும்போது மருத்துவர் படத்தைப் பார்த்து முடித்து, கையுறை போட்டுத் தயாராக நிற்பார். மூன்றே பேர் வேலை செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் செய்த பெட்டி. சோதனைக்கு யார் வண்டியைத் தருகிறீர்கள் என்று பன்னிரண்டு ஓட்டுநர்களைக் கேட்டார்கள். பதினொரு பேர் தரையைப் பார்த்தார்கள். இவன் கையைத் தூக்கினான். தன் தண்ணீர் பாட்டில் வைக்கிற இடத்தையே பெட்டிக்குக் கொடுத்துவிட்டு, அது தான் பெற்ற பிள்ளை என்பது போலப் பேசிக்கொண்டு திரிந்தான்.

இரண்டு மாதம் ஓடியிருக்கும். ஒரு காலையில் தேநீரை உறிஞ்சியபடி அக்காவைச் சீண்டினான். ஆற்றுக்குக் கிழக்கே படம் ஜோராகப் போகிறது, பாலத்தைத் தாண்டி மேற்கே வந்தால் செத்துப்போகிறது, அந்தப் பக்கம் யாருடைய ராஜ்ஜியம் என்று கேட்டான். மேற்கு முழுவதும் அவளுடைய ராஜ்ஜியம்தான். அவளுக்குச் சுருக்கென்றது. அன்றே அலுவலகம் போய், மேற்குப் பகுதிக் கைபேசிக் கோபுரத்திலிருந்து மருத்துவமனை வரைக்கும் சோதனைப் பொட்டலங்கள் ஆயிரம் அனுப்பினாள். ஆயிரமும் போய், ஆயிரத்துக்கும் பதில் வந்தது.

"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குடா. பெட்டியிலதான் கோளாறு," என்று மறுநாள் சொன்னாள்.

அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று தம்பி அதை அப்படியே பட்டறைக்குச் சொன்னான். பெட்டியைச் செய்த பெண் அதைப் பிரித்து மறுபடி செய்தாள். திரும்பவும் பிரித்து, திரும்பவும் செய்தாள். இடையில் அக்காவுடைய நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பத்தொன்பது முறை கூப்பிட்டாள். பத்தொன்பது முறையும், எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்ற பதில்தான் வந்தது. மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் யாரும் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. மேற்கே ஒரு துணிக்கடையில் மயங்கி விழுந்த பெரியவரைத் தம்பி ஏற்றிக்கொண்டு வந்தான். படம் போய்ச் சேரவில்லை. மருத்துவர் தயாராக இல்லை. வாசலில் பத்து நிமிடம் வீணானது. கடவுள் புண்ணியத்தில் பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனாலும் பேச்சு மேலே வரைக்கும் போய்விட்டது. வரும் வியாழக்கிழமை ஆம்புலன்ஸ் துறையின் குழு கூடும், பெட்டி இருப்பதா, கழற்றுவதா என்று அன்றே முடிவு செய்யும் என்று சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமைக் காலையில் தம்பி அக்காவைச் சீண்டவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. தேநீர் ஆடை கட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் பேசினான்.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதே. ஆயிரம் பொட்டலம் அனுப்பிப் பார்த்தேன்னியே. அது எங்க பெட்டி அனுப்புற மாதிரி பொட்டலம்தானா?"

அவள் கையிலிருந்த கோப்பையை மேஜையில் வைத்தாள்.

"இல்ல, நான் ஓட்டுநர். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். காலி வண்டியை ஓட்டிப் பார்த்துட்டு, ஆள் ஏத்தினாலும் இப்படியே ஓடும்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பெட்டி அனுப்புவது எப்படிப்பட்ட பொட்டலம் என்று அவள் விசாரித்ததே இல்லை. தன்னிடம் இருந்த வெறும் பொட்டலத்தை அனுப்பிவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தாள். இருபத்துமூன்று வருட அனுபவம் என்று சொல்லிக்கொள்கிறவள் செய்கிற காரியமா இது என்று அவளுக்கே கூசியது.

ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு ஓய்வு நாள். அனுமதி வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்து வந்தான். அக்கா மடிக்கணினியோடு பின்னால் ஏறினாள். பெட்டி செய்த பெண்ணும் வந்தாள். முப்பதைத் தாண்டாத வயது. விரல் நுனியெல்லாம் பற்றவைத்த சூட்டுக் காயம். அவள் குறை சொல்லவில்லை, விவரம் சொன்னாள். நோயாளியின் படம் யாரும் பிரிக்க முடியாதபடி முத்திரை வைத்துப் போகிறது. அதனால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வெளியே, முகவரிக்குக் கீழே, ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறாள். இத்தனையாவது பொட்டலம், இந்த நொடியில் கிளம்பியது, அவ்வளவுதான் அதில் இருக்கும். மருத்துவமனை வாசலில் இருக்கும் கருவி உறையைப் பிரிக்காமலே சீட்டைப் பார்த்து, தாமதமாக வந்த பழையதை ஒதுக்கிவிட்டுப் புதியதை மருத்துவருக்குக் கொடுக்கும். இப்படி ஒரு சீட்டு ஒட்டலாம் என்று இணையத்தின் விதிப்புத்தகமே சொல்கிறது. கட்டாயம் இல்லை, வேண்டுமானால் ஒட்டலாம்.

பாலத்தைத் தாண்டியதும் தம்பி ஓரமாக நிறுத்தினான். சீட்டோடு அனுப்பினார்கள். போகவில்லை. சீட்டைக் கிழித்துவிட்டு அனுப்பினார்கள். போனது. பத்து முறை செய்தார்கள். பத்து முறையும் அதேதான்.

"திருப்பி அனுப்பியிருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும் மேடம்," என்றாள் அந்தப் பெண். "எடுத்துக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை வரல. அதனால ஒரு மாசமா என் பெட்டியையே சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் சீட்டு ஒட்டிய பொட்டலங்களைத் தானே தயாரித்து, வழியில் இருக்கிற ஒவ்வொரு ரூட்டராகத் தட்டிப் பார்த்தாள். பொட்டலங்களை வழி பிரித்து அனுப்பும் இயந்திரத்துக்குத்தான் ரூட்டர் என்று பெயர். முதல் ரூட்டர் பதில் சொன்னது. இரண்டாவதும் சொன்னது. மூன்றாவது வாயைத் திறக்கவில்லை. அதன் விதிப் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தாள். நாற்பதாவது வரியில் கண் நின்றது.

கூடுதல் சீட்டு ஒட்டிய எதுவாக இருந்தாலும் கீழே போடு, பதில் வேண்டாம். இதுதான் அந்த வரி. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'தற்காலிகம். தாக்குதல் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.' அதற்குப் பக்கத்தில் பதினொரு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. தேதிக்குப் பக்கத்தில் அவளுடைய பெயரின் முதலெழுத்துகள்.

அந்த நாளை அவள் மறக்கவில்லை, அலுவலகமும் மறக்கவில்லை. ரூட்டருக்குள்ளே பொட்டலத்தை வழி பிரிக்கிற மின்னணுச் சில்லு மின்னல் வேகம். ஆனால் அது உறையின் முதல் ஒரு சாண் இடத்தை மட்டும்தான் பார்க்கும். வேண்டிய விவரம் அதற்குள் இருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் அனுப்பிவிடும். மேலே சீட்டுக்கு மேல் சீட்டு ஒட்டி, விவரம் அந்த ஒரு சாணைத் தாண்டிப் போய்விட்டால், இது நம்மால் ஆகாது என்று பின்னறைக்குத் தள்ளிவிடும். பின்னறையில் இருப்பது, ரூட்டரின் மூளையாகிய சின்னச் செயலி ஒன்றே ஒன்றுதான். பாவம், அது ஒவ்வொன்றாக நிதானமாகப் படிக்கும். இதைத் தெரிந்துகொண்ட யாரோ ஒரு புண்ணியவான் அன்று சீட்டு மாலை கட்டிய பொட்டலங்களைக் கோடிக்கணக்கில் கொட்டினான். பின்னறை மூச்சு முட்டியது. மேற்குப் பாதி முழுக்க நான்கு மணி நேரம் இணையம் இல்லை. மேலதிகாரிகள் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள்தான் உட்கார்ந்து அந்த ஒரு வரியை எழுதினாள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கியது.

வரவேற்பறைச் சுவரில் அன்றைய குழுவின் படம் மாட்டியிருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அந்தக் கதையைச் சொல்வார்கள். அக்கா விதி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எடுத்துவிட வேண்டும் என்று அவள் எழுதியதை மட்டும் யாரும் படிக்கவில்லை, எழுதியவளும் மறந்துவிட்டாள். அவள் மட்டும் இல்லை. வேறு ஊர்களில் இருக்கிற பல வலைப்பின்னல்காரர்களும் இப்படித்தான். ஏதோ ஒரு கெட்ட நாளில் பயந்துபோய்க் கதவை அடைத்தவர்கள், நல்ல நாள் வந்த பிறகும் திறக்கவில்லை. சீட்டு ஒட்டலாம் என்று புத்தகம் சொல்கிறது. ஒட்டிய பொட்டலம் தெருக்கோடியைத் தாண்டுவதில்லை.

அந்த வரியை அழிக்க ஒரு நொடி போதும். அழித்துவிட்டு, பெட்டி தானாகச் சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று தம்பியிடம் சொன்னால் அவன் நம்புவான். சுவரில் இருக்கிற படம் அப்படியே இருக்கும். இந்த நினைப்பு அவளுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிக்கொண்டும் இருந்தது.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ரூட்டரிலும் கை வைப்பதற்கு முன்னால் கண்ணை மூடி, முகம் தெரியாத மனிதர்களின் காரியம் என் கையில் இருக்கிறது, கை தவறாமல் பார்த்துக்கொள் என்று கடவுளிடம் ஒரு வார்த்தை சொல்லுவாள். அன்றும் கண்ணை மூடினாள். சூட்டுக் காயம் பட்ட விரல்கள்தான் கண்ணுக்குள் வந்தன. எழுந்து நேரே தலைமை அதிகாரியின் அறைக்குப் போனாள்.

அதிகாரி நல்ல மனிதர், ஆனால் தன் நிழலுக்கும் பயப்படுகிறவர். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் வெளிறியது. பதினொரு வருடமாக வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிற வம்பை எதற்காகத் தட்டி எழுப்ப வேண்டும், அந்தப் பெண்ணைச் சீட்டில்லாமல் அனுப்பச் சொன்னால் தீர்ந்தது என்றார். மருத்துவமனைக் கருவியையே மாற்ற வேண்டியிருக்கும், வியாழனுக்குள் ஆகிற காரியமில்லை, தவிர, தவறு அவளுடையது இல்லை என்று இவள் பொறுமையாகச் சொன்னாள். அதிகாரி கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்விதான்.

"சரி, அந்தக் கதவைத் திறக்குறீங்க. அதே தாக்குதல் நாளைக்கே வந்தா?"

"வரவெச்சே காட்டுறேன் சார்," என்றாள்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அந்த நான்கு மணி நேரத்தில் வந்த வெள்ளத்தில் ஒரு பகுதியை அவள் பதிவு செய்து, ஒரு குறுவட்டில் பத்திரப்படுத்தியிருந்தாள். வெற்றிச் சின்னம் மாதிரி அது மேஜை இழுப்பறையில் கிடந்தது. செவ்வாய்க்கிழமை முழுவதும் சோதனை அறையில் ஒரு பழைய ரூட்டரை வைத்துப் புதிய வரி எழுதினாள். முதல் ஒரு சாணுக்குள் அடங்குகிற சின்னச் சீட்டு, போய்ச் சேருகிற இடத்தில் மட்டும் படிக்க வேண்டிய சீட்டு என்றால் தடையில்லாமல் போகட்டும். நீளமான சீட்டு மாலை என்றால் பின்னறைக்குப் போகக் கூடாது, வாசலிலேயே நிற்கட்டும். நிறுத்தியதற்குக் காரணத்தை அனுப்பினவருக்கு ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடைசிப் பகுதியை எழுதும்போது அவளுக்கு மனசு லேசானது.

பழைய வெள்ளத்தைத் திறந்துவிட்டாள். ரூட்டர் அரை நிமிடத்தில் படுத்துவிட்டது.

வந்தவன் ஒவ்வொருவனுக்கும் பதில் சொல்லிச் சொல்லியே பின்னறைச் செயலி களைத்துப் போயிருந்தது. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் போதாது, அதற்கும் ஓர் அளவு வைக்க வேண்டும் போலிருக்கிறது. நொடிக்குப் பத்துப் பதிலுக்கு மேல் வேண்டாம் என்று திருத்தினாள். நிஜமாக வழி தெரியாமல் வருகிறவருக்கு அது போதும். அதிகாரியைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்து, மறுபடி வெள்ளத்தைத் திறந்தாள். பொட்டலங்கள் கோடிக்கணக்கில் வந்து வாசலில் மோதி விழுந்தன. செயலியின் சுமை நூற்றுக்கு எட்டிலேயே நின்றது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில், சின்னச் சீட்டு ஒட்டிய பெட்டிப் பொட்டலம் ஒன்றுகூடத் தொலையாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அதிகாரி எட்டு என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

படிவத்தில் காரணம் என்று ஓர் இடம் இருந்தது. வழக்கமான மேம்பாடு என்று எழுதிவிடலாமே, எதற்கு வீண் பேச்சு என்று அவர் பரிவாகத்தான் சொன்னார். அவள் எழுதியது வேறு. 'பதினொரு வருடத்துக்கு முன் நான் போட்ட தற்காலிகத் தடையை எடுக்க மறந்துவிட்டேன். அதனால் ஆம்புலன்ஸின் படம் போகவில்லை. சோதித்ததாக நான் சொன்னதும் சரியான சோதனை இல்லை.' மறுநாள் காலைக் கூட்டத்தில் அதை எல்லோர் முன்னாலும் படித்தாள். கடைசி வரிசையில் இருந்த, உதவி எண்ணில் பதில் சொல்கிற பெண், அந்தப் பத்தொன்பதில் ஏழு அழைப்பை எடுத்தது தான்தான் என்று தானாகவே எழுந்து சொன்னாள். அவளைப் பார்த்து மேலும் இருவர் எழுந்தார்கள்.

புதன்கிழமை பதினொரு மணி. மாற்றங்களை ஆட்கள் விழித்திருக்கிற வேளையில்தான் செய்வாள். தவறினால் உடனே தெரிய வேண்டும், உடனே திட்டு வாங்க வேண்டும் என்பது அவள் கொள்கை. தம்பி வண்டியோடு பாலத்தின் மேற்கு முனையில் காத்திருந்தான். பெட்டியின் கம்பிகளை, வண்டியில் கூட வரும் செவிலியர் அவன் மார்பிலேயே ஒட்டியிருந்தார். அக்கா கண்ணை மூடினாள், திறந்தாள், விசையைத் தட்டினாள்.

தொலைபேசியில் கொஞ்ச நேரம் வண்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அக்கா," என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. "டாக்டர் பேசினாரு. படம் வந்துடுச்சாம். எனக்கு இதயம் கொஞ்சம் வேகமா அடிக்குதாம், என்ன விஷயம்னு கேக்குறாரு."

அவள் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

அன்று மாலையே அவள் பட்டறைப் பெண்ணைக் கூப்பிட்டு, பத்தொன்பது அழைப்புக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டாள். குழுவுக்குக் காட்டுங்கள் என்று தன் அறிக்கையின் பிரதியையும் அனுப்பினாள். வியாழக்கிழமை குழு பெட்டியை வைத்துக்கொள்ளச் சொன்னது. மேற்கொண்டு நான்கு வண்டிகளுக்கும் கேட்டது. தரையைப் பார்த்த பதினொரு பேரில் ஆறு பேர் இந்தமுறை கையைத் தூக்கினார்களாம். எப்படிச் சரியானது என்று குழுவில் ஒருவர் கேட்டபோது, தம்பி எழுந்து நின்று பதில் சொல்லியிருக்கிறான். அந்தக் கதவைப் பூட்டினது எங்க அக்கா, நாலு மணி நேரத்துல ஊரைக் காப்பாத்த அன்னிக்குப் பூட்டினாங்க, இன்னிக்குத் திறந்ததும் அவங்கதான் என்றானாம். முதல் பாதியை மட்டும் சொல்லியிருக்கலாம், இரண்டாவதை மட்டும் சொல்லியிருக்கலாம். இரண்டையும் ஒரே பெருமையோடு சொன்னான் என்று பட்டறைப் பெண் பிறகு சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆம்புலன்ஸ் ஒன்று நிறுவன வாசலில் வந்து நின்றது. வரவேற்பறையில் இருந்தவர்கள் பதறிப்போனார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை, எங்க அக்காவைப் பார்க்க வந்தேன் என்றான் ஓட்டுநர். சுவரில் இருந்த படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனான்.

"எங்க அந்த வரி? காட்டு."

"பார்த்து என்னடா பண்ணப்போற? உனக்கு ஒண்ணும் புரியாது."

"புரிய வேண்டாம். காட்டு."

திரையில் நாற்பதாவது வரியைக் காட்டினாள். பக்கத்தில் இருந்த குறிப்பில் தற்காலிகம் என்ற சொல் இப்போது இல்லை. எதற்காக, எது வரைக்கும், மறுபடி எந்தத் தேதியில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். யாருக்காவது இது இடைஞ்சலாக இருந்தால் கூப்பிடவும் என்று தன் மேஜைத் தொலைபேசி எண்ணும் போட்டிருந்தாள்.

"உன் பேர் எங்க இருக்கு?"

விரலால் காட்டினாள். இந்தமுறை முதலெழுத்துகள் இல்லை, முழுப் பெயர்.

"முன்னாடி இருந்ததுலயும் உன் பேர் இருந்துச்சா?"

"இருந்தது."

"அதையும் சொல்லிட்டியா, எல்லார்கிட்டயும்?"

"சொல்லிட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். திரைக்கு அருகே குனிந்து, புரியாத எழுத்துகளுக்கு நடுவில் புரிகிற அந்த ஒரு பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "சரி பொட்டலக்காரி, நான் கிளம்புறேன்," என்றான்.

அறை முழுக்கச் சிரித்தது. அக்கா முறைத்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உதவி எண் ஒலித்தது. கூட்டத்தில் தானாக எழுந்து சொன்ன அந்தப் பெண் எடுத்தாள். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவள் தொடங்கவில்லை. ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்க, நீங்க என்ன அனுப்புறீங்க, எப்படி அனுப்புறீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, மறுமுனையில் இருந்தவர் சொல்லி முடிக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தாள்.